ரோஸ்லாந்து வீட்டின் ஐந்து பலகைகள்

எங்கள் கோல்தால் ஊராட்சிக்குச் சின்னம் கிடையாது என்பது, பக்கத்து ஸ்தூர்மூ ஊராட்சிக்குச் சின்னம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை நாங்கள் அந்தக் குறை தெரியாமலே பனியை வழித்தோம், பள்ளிக்கூடம் நடத்தினோம், முதியோர் இல்லத்துக்குக் கூரை மாற்றினோம். ஒரு வசந்தத்தில் ஸ்தூர்மூக்காரர்கள் நீலக் கேடயத்தில் வெள்ளை நீர்நாய் ஒன்றைப் போட்டு எல்லைப் பலகையில் மாட்டினார்கள். பனி வழிக்கும் வண்டியிலும் அதே நீர்நாய். அந்த வண்டி எல்லை வரை வந்து திரும்பும்போது நீர்நாய் தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதாக எங்கள் வண்டி ஓட்டுநர் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். ஸ்தூர்மூவில் நீர்நாயை உயிரோடு பார்த்தவர் ஒருவரும் இல்லை. அது வேறு விஷயம்.

எங்கள் ஊராட்சித் தலைவர் குன்லைக் ரோஸ்லாந்து அந்த வாரமே ஒரு குழு அமைத்தார். எங்கள் ஊரில் குழு என்றால் காப்பி, வாஃபிள், அதன்மேல் சீவிப் போட்ட பழுப்புச் சீஸ். அலுவலகத்தில் குறிப்பெடுப்பது என் வேலை என்பதால் எல்லாக் கூட்டத்திலும் நானும் சாப்பிட்டேன். சின்னங்களைக் கவனிக்கும் ஓஸ்லோ அலுவலகம் விதிகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. இரண்டே நிறம் இருக்கலாம். ஒரே உருவம்தான். எழுத்து கூடாது, எண் கூடாது, இயற்கைக் காட்சி கூடவே கூடாது. எட்டத்தில் நின்று பார்த்தாலும் இன்னதென்று தெரிய வேண்டும். வேறு ஊர் எடுத்துக்கொண்டதை மறுபடி எடுக்கக் கூடாது.

கடைசி விதியில்தான் சிக்கல். கரடி போய்விட்டது, ஓநாய் போய்விட்டது. கடமானின் தலையை ஓர் ஊரும் கொம்பை இன்னோர் ஊரும் பங்கு போட்டுக்கொண்டன. எங்கள் ஏரியில் உண்மையாகவே ஏராளமாக இருப்பது கொசு. அதை இன்னும் யாரும் கேட்கவில்லை என்று பள்ளி ஆசிரியர் தொர்மோத் சொன்னார். தேவாலயத்தைப் போடலாமென்றால் எங்கள் தேவாலயம் எரிந்து திரும்பக் கட்டியது; புதியதைப் பார்த்தால் பால் சொசைட்டி மாதிரி இருக்கும்.

ஓஸ்னே மிட்போ என்ற பெண்மணி ஆட்டைக் கொண்டு வந்தார். ஏரிக்கு அந்தக் கரையில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர், மன்ற உறுப்பினர், குன்லைக்குடன் ஒரே வகுப்பில் படித்தவர். குன்லைக் எதைச் சொன்னாலும் முதல் தடவை எதிர்ப்பது அவருக்கு அப்போதிருந்தே பழக்கம். கோல்தாலில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம், மக்களாட்சி என்றால் பெரும்பான்மைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். குன்லைக் அதற்கு நீண்ட பதில் சொன்னார். சுருக்கம் இதுதான்: ஆட்டுக்குக் கம்பீரம் போதாது. பிறகு ஓஸ்லோ சுற்றறிக்கையில் அடிக்கோடிட்டு வைத்திருந்த ஒரு வரியைப் படித்தார். உள்ளூர்க் கைவினைப் பொருள்கள் சின்னத்துக்கு மிகவும் பொருத்தமானவை என்றிருந்தது அந்த வரி.

"அதுக்காக ஊர் ஊரா அலைய வேண்டாம். எங்க வீட்டுச் சுவருல அஞ்சு தொங்குது" என்றார்.

குழுவில் அனைவரும் ஒரே நேரத்தில் காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்தார்கள்.

அந்த ஐந்து என்னவென்று சொல்லிவிடுகிறேன். இஸ்திரிப் பெட்டி வராத காலத்தில் எங்கள் பக்கத்தில் துணிக்குச் சுருக்கம் எடுத்தது உருட்டுப் பலகையால்தான். ஈரத் துணியை ஓர் உருளைக் கட்டையில் சுற்றி, மேலே பலகையை வைத்து, ஒரு கையால் அழுத்தி மறு கையால் முன்னும் பின்னும் தள்ளுவார்கள். பலகை ஒரு கை நீளம். மேல்பக்கம் முழுக்கப் பூவும் கொடியும் செதுக்கியிருக்கும். பிடி குதிரை வடிவில் இருக்கும்.

இதை யாரும் கடையில் வாங்கியதில்லை. கல்யாண வயது வந்த பையன் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செதுக்குவான். பனி உருகியதும் தனக்குப் பிடித்த பெண்ணின் வீட்டுக்கு எடுத்துப் போவான். அவள் வைத்துக்கொண்டால் சம்மதம். திருப்பி அனுப்பினால் இல்லை. திரும்பி வந்த பலகையை இன்னொரு பெண்ணிடம் நீட்டுவது பெரிய அவமரியாதை. அடுத்தவளுக்கு அடுத்த குளிர்காலம் புதிதாகச் செதுக்க வேண்டும். சம்மதித்த பெண் கல்யாணமாகி வரும்போது பலகையையும் கொண்டு வருவாள். ஆயுள் முழுக்க அதில் துணி உருட்டுவாள். அடிப்பக்கம் தேயும், குதிரையின் காது உடையும், பிடியில் கை எண்ணெய் ஏறிக் கறுக்கும். அதனால் எங்கள் பள்ளத்தாக்கில் ஒழுங்கான வீடுகளில் தேய்ந்த பலகை ஒன்று இருக்கும். ரோஸ்லாந்து வீட்டில் தேயாத பலகை ஐந்து இருந்தது.

ஐந்தையும் செதுக்கியவன் தார்யெய் ரோஸ்லாந்து. குன்லைக்குக்கு ஆறோ ஏழோ தலைமுறை மூத்தவன். ஆறாவது ஒன்றும் செதுக்கினான், அதை ஒருத்தி வைத்துக்கொண்டாள், அது தேய்ந்து விறகாகி அடுப்பில் போயிற்று. ரோஸ்லாந்து ஆண்களுக்குத் தெரிந்த வரலாறோ வேறு. தார்யெய் ஒரு மாபெரும் கலைஞன். மற்றவர்கள் பெண்ணுக்காக ஒன்று செதுக்கியபோது அவன் கலைக்காக ஐந்து செதுக்கினான். வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவற்றுக்கு ஆளிவிதை எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள்.

இரண்டு நூற்றாண்டாக யாருமே அவர்களிடம் சொல்லவில்லையா என்றால், சொல்லவில்லை. ஒருவருக்குச் சங்கடம் தரும் செய்தியை அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்வதற்கு எங்கள் ஊரில் நாகரிகம் என்று பெயர். ரோஸ்லாந்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்குக்கூடத் தெரியும். மகன்களுக்கு மட்டும் தெரியாது.

குழு ரோஸ்லாந்து வீட்டுக்குப் போயிற்று. குன்லைக் மனைவி பிர்கித் காட்டுப்பழ ஜாமோடு வாஃபிள் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனவர் திரும்ப வரவில்லை. குன்லைக் சுவரிலிருந்து மூன்றாவது பலகையை இறக்கினார். ஐந்திலும் அழகு அதுதான், அதை மறுக்க முடியாது. பிடியில் இருந்த குதிரை கழுத்தை வளைத்து, ஒரு காலைத் தூக்கி, ஊரையே வாங்கப் போகிற மாதிரி நின்றது.

பலகையைத் திருப்பிப் பிடித்து எங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் காட்டினார். "அடிப்பக்கத்தைப் பாருங்க. இத்தனை வருஷத்துல ஒரு கீறல் இருக்கா?"

ஒருவரும் நிமிரவில்லை. தொர்மோத் ஜாமில் ஏதோ தேடினார்.

"கை படாத பொருள்" என்றார் கடைசியில்.

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்றார் ஓஸ்னே. "வேற எந்த வீட்டுலயும் இப்படிப் பார்க்க முடியாது, குன்லைக்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஓஸ்னே சொன்னதில் வேறு ஒன்றும் இருந்தது. மூன்றாவது பலகை போய்த் திரும்பியது மிட்போ வீட்டிலிருந்து. வேண்டாமென்றவள் அந்த வீட்டுப் பெண் ரன்னெய். மிட்போக்காரர்கள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டதில்லை, மறந்ததும் இல்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கியன் நகரத்திலிருந்து ஓர் ஓவியர் வந்து குதிரைப் பிடியை வரைந்தார். சிவப்புக் கேடயத்தில் வெள்ளைக் குதிரை. அவர் குதிரையைக் கொஞ்சம் எளிமைப்படுத்தியதில் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் வாத்து மாதிரி தெரிந்தது. ஓஸ்லோக்காரர்கள் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு வந்த வரைவுகளில் சிறந்தது இதுதான் என்று பாராட்டினார்கள். விளக்கக் குறிப்பைக் குன்லைக் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். உழைப்பு, பொறுமை, மாறாத அன்பு ஆகியவற்றின் அடையாளம் என்று வந்தது. "மாறாத" என்ற சொல்லை அவர்தான் பிறகு யோசித்துச் சேர்க்கச் சொன்னார். பொறுமை என்ற சொல் சரி என்று எனக்கும் பட்டது.

மிச்சமிருந்தது மன்றத்தின் வாக்கெடுப்பு. அது முடிந்தால் அரசர் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒருவராலும் மாற்ற முடியாது.

வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம் ஓஸ்னே அலுவலகத்துக்கு வந்து ஆட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பலகையைச் சின்னமாக்கினால் கோல்தாலில் மற்ற எல்லோரையும்விட மிட்போ குடும்பத்துக்குத்தான் பெருமை அதிகம் என்று குன்லைக்கிடம் சொல்லிக் கையும் கொடுத்தார். குன்லைக் அன்று விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

வீட்டில் நடந்ததைப் பிர்கித் பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாராம். குன்லைக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மிட்போக்காரி ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டாள், நல்ல கலையின் முன்னால் யாருமே பணிந்துதான் ஆக வேண்டும் என்று பேசத் தொடங்கியிருக்கிறார். அது முடியும் வரை பிர்கித் காத்திருக்கவில்லை.

"அந்தப் பலகை அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்ததுதானே. அவளுக்கு ஏன் கசக்கப் போகுது?"

"போயிட்டு வந்ததா? எதுக்கு?"

பிர்கித் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எதற்கு என்று சொன்னார்.

குன்லைக் சுவரைப் பார்த்தார். "மத்த நாலு?"

"அதுவும் போயிட்டு வந்ததுதான். நாலும் நாலு பக்கம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கு உன் சித்தி சொன்னாங்க. பாத்திரம் கழுவுறப்ப."

"இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீ எண்ணெய் போட்டுத் துடைச்சுக்கிட்டே இருந்தே. சந்தோஷமா இருக்கறவனை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே குன்லைக் வாசலில் நின்றார். ஒரு தீர்மானத்தைத் தலைவரே திரும்பப் பெற முடியுமா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார். முடியாது, மன்றம்தான் முடிவு செய்ய வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்றேன். காரணம் என்றால் எந்த மாதிரிக் காரணம் என்றார். உண்மையான காரணம் என்று நான் சொல்லவில்லை. போதுமான காரணம் என்றுதான் சொன்னேன். ஓஸ்லோவுக்குத் தொலைபேசியில் பேசினார். குதிரை வாத்து மாதிரி இருப்பதாகக் குறை சொல்லிப் பார்த்தார். மறுமுனையில் இருந்தவர் அதுதான் அதன் தனிச்சிறப்பு என்றாராம்.

மத்தியானம் படகை எடுத்துக்கொண்டு மிட்போவுக்கே போனார். ஓஸ்னே கொட்டகையில் ஆட்டுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். ஆச்சரியமாக, இரண்டும் ஒத்துப்போயின.

"உன் ஆட்டை மறுபடி கொண்டு வாயேன், ஓஸ்னே."

"ஆட்டுக்குக் கம்பீரம் பத்தாதுன்னு நீதானே சொன்னே."

"இப்ப யோசிச்சா இருக்குற மாதிரிதான் தோணுது."

ஓஸ்னே அடுத்த காலைத் தூக்கி முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டார். "அப்ப காரணத்தைச் சொல்லு. இங்க இல்ல, மன்றத்துல. எல்லாரும் இருக்கறப்ப. நீ சொன்னா ஆட்டை நானே கொண்டு வரேன், கையும் தூக்கறேன்."

"காரணம் உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். ஒரு ரோஸ்லாந்து வாயால கேட்டதில்லையே."

குன்லைக் படகுக்குத் திரும்பினார். அவருக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டிருந்தால், தன் குடும்பத்தின் மூக்குடைப்பு எல்லைப் பலகையிலும் பனி வழிக்கும் வண்டியிலும் ஊராட்சி எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் காலாகாலத்துக்கும் நிற்கும். அவரைத் தவிர எல்லோரும் சிரிப்பார்கள், அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால். வாயைத் திறந்தால், என் முன்னோனை ஐந்து பெண்கள் வேண்டாமென்றார்கள், நாங்கள் இருநூறு வருஷமாக அதைத் துடைத்துத் துடைத்து மாட்டி வைத்திருக்கிறோம் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் ஆடு வந்துவிடும்.

மன்றக் கூட்டத்துக்கு அன்று வந்த கூட்டம் வரவு செலவுத் திட்டத்துக்குக்கூட வந்ததில்லை. பார்வையாளர் பெஞ்சில் இடமில்லாமல் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கையோடு கம்பளிப் பின்னல் வேலையும் கொண்டு வந்திருந்தார்கள். எதைப் பார்க்க வந்தார்கள் என்று ஒருவரைக் கேட்டால், ஊர்ச் சின்னத்தில் தங்களுக்கு எப்போதுமே அக்கறை உண்டு என்று சொல்லியிருப்பார்கள்.

குன்லைக் முதலில் நிறத்தில் தொடங்கினார். சிவப்பு சீக்கிரம் வெளுக்கும் என்றார். இந்தக் காலத்துப் பெயின்ட் வெளுக்காது, பத்து வருஷ உத்தரவாதம் என்று கூட்டுறவுக் கடைக்காரர் எழுந்து சொன்னார். கைவினையை மட்டும் காட்டினால் மீன்பிடித்தொழில் செய்பவர்கள் மனம் நோகும் என்றார் குன்லைக். எங்கள் ஊரில் மீன்பிடித்தொழில் செய்தவர் போன வருடமே ஸ்தூர்மூவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதை ஒருவர் நினைவூட்டினார். ஒரு தனி வீட்டின் பொருளை ஊரே தூக்கி வைப்பது முறையா என்று கேட்டார். இதைத் தொர்மோத் உருக்கமாக மறுத்தார். தலைவர் தன்னடக்கத்தால் அப்படிச் சொல்கிறார், தார்யெய் என்ற கலைஞன் ரோஸ்லாந்துக்கு மட்டும் சொந்தமல்ல, கோல்தாலின் பல வீடுகளுக்கும் அவன் கலை அறிமுகமானது என்றார். பின்னல்காரர்கள் தலை குனிந்து கண்ணி எண்ணினார்கள்.

"வேற காரணம் ஏதாவது இருக்கா, தலைவரே?" என்று கேட்டார் ஓஸ்னே.

குன்லைக் எழுந்தார். பேச எழுந்தால் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம், அன்று போடவில்லை.

"இருக்கு. அந்தப் பலகை துணி உருட்டுனது இல்ல. கலைக்காகச் செஞ்சதும் இல்ல. தார்யெய் அதை ஒரு பொண்ணுக்குக் கொண்டு போனான். அவ வேண்டாம்னுட்டா. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரு வேண்டாம்னாங்க, பின்னாடி ரெண்டு பேரு. அஞ்சையும் நாங்க சுவத்துல மாட்டிக்கிட்டோம். இது எனக்குப் போன வாரம்தான் தெரியும். உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும்னு நினைக்கிறேன்."

உட்கார்ந்துவிட்டார். அவர் அந்த மன்றத்தில் பேசியதிலேயே மிகச் சிறிய பேச்சு அது.

எங்கள் ஊர் இருநூறு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு பண்டத்தை ஒருவர் மேசை மேல் போட்டுவிட்டார். அதை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள முடியாது. சிரிக்க முடியாது; சிரித்தால் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும். அனுதாபப்படவும் முடியாது, அது இன்னும் மோசம்.

"அப்படியா?" என்றார் தொர்மோத். "எங்களுக்குத் தெரியவே தெரியாதே."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லோரும் தொற்றிக்கொண்டார்கள். கூட்டுறவுக் கடைக்காரர் தனக்கு இது முற்றிலும் புதிய செய்தி என்றார். ஸ்வைனுங் என்பவர் எந்தெந்த வீடுகள் என்று கண்ணை அகல விரித்துக் கேட்டார். இரண்டாவது பலகை திரும்பி வந்தது அவர் வீட்டிலிருந்துதான். அந்தக் கதையை அவர் வாயால் நானே பல தடவை கேட்டிருக்கிறேன், நடித்துக் காட்டுவார். ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு குரல், அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் ஒரு வழக்கம் இருந்ததா என்று வியந்தது.

வியந்து முடித்ததும் இன்னொன்று புரிந்தது. இப்போது பலகையை எதிர்த்துக் கை தூக்கினால், இதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகும். அப்படியொரு மரியாதைக்குறைவை யாரும் செய்யத் தயாராக இல்லை. அதனால் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, இதனால் தார்யெய் மேல் மதிப்பு கூடித்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். விடாமுயற்சி என்ற சொல் வந்தது. இளைஞர்களுக்கு நல்ல பாடம் என்று வந்தது. குன்லைக் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

ஓஸ்னே சொன்ன சொல் தவறவில்லை. எழுந்து ஆட்டை மறுபடி முன்மொழிந்தார். சிவப்பில் வெள்ளை ஆடு, கொம்போடு. வழிமொழிகிறவர் யார் என்று கேட்டேன். குன்லைக் கை தூக்கினார். மன்றத்தில் பதினேழு பேர். ஆட்டுக்கு இரண்டு வாக்கு, பலகைக்குப் பதினைந்து. அவர்கள் இருவரும் ஒரே பக்கம் கை தூக்கியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

தலைவரின் பேச்சைக் குறிப்பில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தனிப்பட்ட விஷயம் என்று பதினைந்து பேரும் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். ஓஸ்லோவுக்குப் போன விளக்கத்தில் மாறாத அன்பு அப்படியே நின்றது.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் குன்லைக் ஓஸ்னேக்காகக் காத்திருந்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"ரன்னெய் ஏன் வேண்டாம்னா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் ஓஸ்னே. "எங்க வீட்டுல அந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க. ஏன்னு அவகிட்ட யாரும் கேட்டு வச்ச மாதிரி தெரியல."

இலையுதிர் காலத்தில் அரசரின் கையெழுத்து வந்தது. குதிரை கம்பத்தில் ஏறிற்று, வண்டிகளில் ஏறிற்று, குப்பைத் தொட்டிகளில் ஏறிற்று. ஸ்தூர்மூக்காரர்கள் வாத்து நன்றாக இருக்கிறது என்று வாழ்த்து அனுப்பினார்கள். ஊரில் கல்யாணம் செய்துகொள்ளும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஊராட்சி சார்பில் சின்னம் பொறித்த வெண்ணெய்க் கத்தி ஒன்று கொடுப்பது என்று மன்றம் ஒருமனதாக முடிவு செய்தது. திருப்பி அனுப்பப்பட்ட பலகையின் குதிரையைக் கல்யாண வீட்டில் நீட்டுகிறோமே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தெரிந்திருந்ததாக ஆகிவிடுமே. கத்தியைக் கொண்டுபோய்க் கொடுப்பது தலைவரின் பொறுப்பு.

குன்லைக் மறு தேர்தலிலும் ஜெயித்தார். அந்தப் பொறுப்பை இன்று வரை ஒரு கல்யாணத்தில்கூட அவர் தட்டிக்கழித்ததில்லை. விருந்தில் பாலேட்டுக் கஞ்சி பரிமாறியதும் கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டி எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கத்தியில் இருக்கும் குதிரை எங்கிருந்து வந்தது என்று ஆரம்பிப்பார். மன்றத்தில் சொன்ன மாதிரிச் சுருக்கமாக இல்லை. முதல் பெண்ணிலிருந்து ஐந்தாவது பெண் வரை, ஒவ்வொரு குளிர்காலமாக, ஒவ்வொரு வீட்டின் பேரோடும், அந்த வீட்டுக்காரர் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கையால் காட்டிக்கொண்டும் சொல்வார். கஞ்சி ஆறிப்போகும். பாதியில் எழுந்து போக யாராலும் முடியாது. தெரியாத கதையல்லவா, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன சனிக்கிழமை ஸ்வைனுங்கின் மகளுக்குக் கல்யாணம். இரண்டாவது குளிர்காலம் வந்தபோது குன்லைக் சற்று நிறுத்தி மணமகளின் தகப்பனைப் பார்த்தார்.

"அப்படியா?" என்றார் ஸ்வைனுங், கண்ணை அகல விரித்து. "எங்க வீட்டுலயா?"

"உங்க வீட்டுலதான்" என்றார் குன்லைக். "முழுசாச் சொல்றேன், கேளு."